படம் இல்லாத பாட்டு

டீக்கடையிலோ ஷேர் ஆட்டோவிலோ புதிதாக ஒரு பாட்டு காதில் விழுந்து, அது பிடித்தும் போய்விட்டால், நம்மில் பெரும்பாலோர் கேட்கிற முதல் கேள்வி "இது எந்தப் படம்?" என்பதுதான். பாடியவர் யார், எழுதியவர் யார் என்பதெல்லாம் அப்புறம். தமிழ்ப் பாட்டுக்குப் படத்தின் பெயர்தான் விலாசம். கேசட் கடைக்காரர் அலமாரியை அடுக்கியது படப் பெயரில். எம்பி3 தளங்கள் அகர வரிசை போட்டதும் படப் பெயரில். இன்றைய ஸ்ட்ரீமிங் செயலிகளிலும் ஆல்பம் என்ற இடத்தில் நிற்பது பெரும்பாலும் படத்தின் பெயரே. "படம் எல்லாம் இல்லீங்க, தனியா பண்ணது" என்று பதில் வந்தால், "ஓ, ஆல்பம் சாங்கா?" என்று குரல் கொஞ்சம் இறங்கும். அந்த இறக்கத்துக்குள் தமிழ் சுயாதீன இசையின் பாதி வரலாறு இருக்கிறது.

சினிமாப் பாட்டு தனியாக வருவதில்லை. அதற்கொரு நாயகன், ஒரு காட்சி, முன்பே விலைபோன ஒரு இசையமைப்பாளரின் பெயர், டீசர், இசை வெளியீட்டு விழா, டிவி, பண்பலை என்று ஒரு பட்டாளமே கூட வருகிறது. படம் திரைக்கு வரும்போது அந்தப் பாட்டை நாம் விரும்பியோ விரும்பாமலோ பத்து தடவை கேட்டிருப்போம். தன் அறையில் ஒரு மைக்கும் லேப்டாப்பும் வைத்துப் பாட்டு செய்பவருக்கு இதில் ஒன்றும் கிடையாது. பாட்டு நன்றாக இருந்தால் தானாக ஊர் சுற்றும் என்று சொல்லி அவரைத் தேற்றுகிறோம். அது உண்மையா என்று பார்க்க ஆய்வுகள் நடந்திருக்கின்றன. அவற்றுக்குப் போகுமுன் நம் கதையைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

சுயாதீன இசை நேற்று முளைத்ததல்ல. 1960களின் கடைசியிலும் 70களிலும் இலங்கையில் நித்தி கனகரத்தினம் கிட்டாரோடு 'சின்ன மாமியே' பாடினார்; ஏ.ஈ. மனோகரன் பைலா தாளத்தில் மேடைகளைக் கலகலக்க வைத்தார். எந்தப் படத்துக்காகவும் எழுதப்படாத பாடல்கள் அவை. தமிழ்நாட்டில் கே.ஏ. குணசேகரன் இன்குலாபின் 'மனுசங்கடா'வை மேடைதோறும் பாடினார். கூட்டம் முடிந்து கலைந்தவர்கள் அந்தப் பாட்டை வாயில் எடுத்துக்கொண்டு போனார்கள். வடசென்னையில் கானா, சாவு வீட்டில் விடிய விடியப் பாடப்பட்டு, அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் மூலமாகவே அடுத்த பேட்டைக்குப் போனது. இவர்களுக்கெல்லாம் விளம்பரம் என்றால் கேட்டவர்களின் வாய்தான்.

ஆனால் பெருங்கூட்டத்தைப் போய்ச் சேர்ந்தபோது என்ன நடந்தது? மனோகரன் பாடிய 'சுராங்கனி' 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் ஏறிய பிறகுதான் தமிழ்நாட்டின் பட்டிதொட்டிக்குப் போனது. மலேசியாவிலிருந்து யோகி பி, நட்சத்திரா குழு 2006இல் 'வல்லவன்' தொகுப்பைக் கொண்டுவந்தது. தமிழ் ராப்பின் அடித்தளக் கற்களில் ஒன்று அது. அதில் நம் ஊரில் கொண்டாடப்பட்டது எது? இளையராஜாவின் 'நிழல்கள்' படப் பாட்டின் மேல் கட்டிய 'மடை திறந்து'. மறு ஆண்டே 'பொல்லாதவன்' படத்தில் யோகி பியின் குரல் கேட்டது. ஹிப்ஹாப் தமிழா யூடியூபில் பெயர் வாங்கி 2015இல் 'ஆம்பள' படத்துக்கு இசையமைப்பாளரானது. தன் குழுவோடு மேடையில் பாடிக்கொண்டிருந்த ஷான் ரோல்டனை 2014இல் சினிமா அழைத்துக்கொண்டது. 2024 தொடக்கத்தில் சாய் அபயங்கரின் 'கட்சி சேர' வந்தது. அவர் பெயர் அடுத்தடுத்துப் படச் சுவரொட்டிகளில் வரத் தொடங்க அதிக காலம் ஆகவில்லை. இதில் யாரையும் குறை சொல்ல வரவில்லை. வயிறு என்று ஒன்று இருக்கிறது. ஆனால் படம் இல்லாத பாட்டைக் கோடம்பாக்கத்துக்குக் கொடுக்கும் விசிட்டிங் கார்டாகவே கேட்கப் பழகிவிட்டோம். பாட்டு செய்பவர்களில் சிலரும் அப்படியே நினைத்துச் செய்கிறார்கள் என்பது இன்னொரு சங்கடம். அதே கிளைமாக்ஸ் வயலின்கள், அதே காதல் தோல்வி, கடற்கரையில் அதே ட்ரோன் ஷாட். அதைக் கேட்பதற்குச் சினிமாப் பாட்டையே கேட்கலாம்.

இப்போது ஆய்வுக்கு வருவோம். 2006 பிப்ரவரியில் 'சயின்ஸ்' இதழில் மேத்யூ சால்கானிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் ஆகிய மூவர் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். பிரபலமாகாத குழுக்களின் 48 பாட்டுகளை ஒரு இணையதளத்தில் வைத்தார்கள். 14,341 பேர் கலந்துகொண்டார்கள். வந்தவர்கள் பாட்டைக் கேட்கலாம், மதிப்பெண் போடலாம், பிடித்தால் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஒரு பிரிவினருக்குக் குழுவின் பெயரும் பாட்டின் பெயரும் மட்டுமே தெரியும். மற்றவர்களை எட்டுத் தனி உலகங்களாகப் பிரித்தார்கள். அந்தந்த உலகத்தில் தமக்கு முன் வந்தவர்கள் எந்தப் பாட்டை எத்தனை முறை இறக்கினார்கள் என்ற எண்ணும் அவர்களுக்குக் காட்டப்பட்டது. எட்டு உலகங்களும் பூஜ்யத்தில் தொடங்கின. ஒன்றில் நடப்பது இன்னொன்றுக்குத் தெரியாது.

எண் தெரிந்த உலகங்களில் ஏற்றத்தாழ்வு கூடியது. முன்னால் நின்ற பாட்டு இன்னும் முன்னால் போனது, பின்தங்கியது இன்னும் பின்தங்கியது. பாட்டுகளை வெறுமனே பரப்பி வைக்காமல், அதிகம் இறக்கப்பட்டதை மேலே வைத்து வரிசையாகக் காட்டியபோது இது இன்னும் கடுமையானது. அதைவிட முக்கியமானது, எட்டு உலகங்களிலும் ஒரே பாட்டு ஜெயிக்கவில்லை என்பது. '52மெட்ரோ' என்ற குழுவின் 'லாக்டவுன்' பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். எண் தெரியாமல் கேட்டவர்கள் கணக்கில் அது 48இல் 26ஆவது, நடுத்தரம். எண் தெரிந்த உலகங்களில் ஒன்றில் அது முதலிடம், இன்னொன்றில் 40ஆவது இடம். பாட்டு அதேதான், கேட்டவர்களும் அதே வகைப்பட்டவர்கள்தான். ஆரம்பத்தில் வந்த சிலர் எதைச் சொடுக்கினார்கள் என்பது மட்டுமே வேறு.

இதை வைத்து எல்லாமே குருட்டு அதிர்ஷ்டம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. மிக நல்ல பாட்டுகள் அநேகமாக எங்கும் படுதோல்வி அடையவில்லை. மிக மோசமானவை மேலே வருவது அபூர்வம். இரண்டுக்கும் நடுவில் கிடந்த பெருங்கூட்டத்துக்குத்தான் எதுவும் நடக்கலாம் என்ற நிலை. நம் சுயாதீனப் பாட்டுகளில் பெரும்பாலானவை இருப்பதும் அந்த நடுவில்தான். அதனால் ஒரு கோடி வியூஸ் வாங்கிய பாட்டுக்கும் நாலாயிரத்தில் நின்றுபோன பாட்டுக்கும் இடையே தரத்தில் அதே அளவு தூரம் இருக்கிறது என்று எண்ண இடமில்லை. முதல் வாரத்தில் யார் கண்ணில் பட்டது என்ற வித்தியாசமே போதும்.

அதே ஆய்வாளர்களில் இருவர் 2008இல் இன்னொரு காரியம் செய்தார்கள். சோதனை நடந்துகொண்டிருக்கும்போதே எண்ணிக்கைப் பட்டியலைத் தலைகீழாக்கிவிட்டார்கள். கடைசியில் இருந்தது முதலில், முதலில் இருந்தது கடைசியில். பொய் எண்ணை நம்பி மோசமான பல பாட்டுகள் மேலேயே தங்கின. மிக நல்லவை மட்டும் மெல்ல மெல்ல ஏறி வந்தன. இதில் நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. பொய்ப் பட்டியல் காட்டப்பட்ட இடத்தில் மக்கள் மொத்தமாக இறக்கிய பாட்டுகளின் எண்ணிக்கையே குறைந்தது. முதலில் கேட்டவை சுமாராக இருந்தால் மனிதர்கள் பட்டியலின் அடிவரை தோண்டுவதில்லை, எழுந்து போய்விடுகிறார்கள். காசு கொடுத்து வியூஸ் ஏற்றிக்கொள்ளும் வழக்கம் அடுத்தவர் பாட்டுக்கு மட்டுமல்ல, கேட்கும் ஆர்வத்துக்கே கேடு என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

சரி, எண்ணுக்குப் பதிலாக இயந்திரம் தேடித் தராதா? ஸ்பாட்டிஃபை 2015 ஜூலையில் 'டிஸ்கவர் வீக்லி' என்ற பட்டியலைத் தொடங்கியது. திங்கட்கிழமைதோறும் நம் ரசனைக்கு ஏற்ப 30 பாட்டு. 2019 பிப்ரவரியில் அந்தச் செயலி இந்தியாவுக்கும் வந்தது. இத்தகைய பரிந்துரைகளின் அடிப்படை எளிமையானது. உங்களைப் போலக் கேட்கிற இன்னொருவர் கேட்டு, நீங்கள் இன்னும் கேட்காத பாட்டை எடுத்து உங்களுக்குக் காட்டுவது. இது நன்றாகவே வேலை செய்கிறது. நல்ல பாட்டுகள் பல எனக்கு இப்படிக் கிடைத்திருக்கின்றன. ஆனால் நேற்று ராத்திரி ஏற்றப்பட்டு, யாருமே கேட்காத ஒரு பாட்டை வைத்துக்கொண்டு இந்த முறை என்ன செய்யும்? யாரும் கேட்காததால் யாருக்கும் காட்டாது. காட்டாததால் யாரும் கேட்கமாட்டார்கள். ஒலியையே அலசிப் பார்க்கும் மென்பொருள்கள் இந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டுகின்றன. ஆனால் அவை ஏற்கெனவே நமக்குப் பிடித்ததைப் போன்ற ஒலியைத்தான் தேடுகின்றன. இதுவரை கேட்டிராத மாதிரி ஒன்று வந்தால் அதை எந்தப் பக்கம் அனுப்புவது என்று அவற்றுக்குத் தெரியாது.

பண விஷயமும் இதையொட்டியே போகிறது. 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் 12 மாதத்தில் 1,000 முறைகூடக் கேட்கப்படாத ஒரு பாட்டின் ஒலிப்பதிவுக்கு உரிமைத்தொகை கிடையாது. அதைத் தாண்டினாலும், நீங்கள் கட்டும் சந்தா நீங்கள் கேட்ட பாடகருக்கு நேரே போவதில்லை. எல்லார் பணமும் ஒன்றாகச் சேர்க்கப்பட்டு, மொத்தக் கேட்பில் யாருக்கு எத்தனை பங்கு என்று பிரிக்கப்படுகிறது. மாதம் முழுக்க நீங்கள் ஒரே ஒரு மதுரைப் பாடகரை மட்டும் கேட்டாலும் உங்கள் பணத்தில் பெரும்பங்கு அதிகம் கேட்கப்படும் நட்சத்திரங்களுக்கே போகும். 2008இல் தொடங்கிய பேண்ட்கேம்ப் தளம் இதற்கு நேர்மாறானது. அங்கே பாட்டை விலைக்கு வாங்கலாம். டிஜிட்டல் விற்பனையில் தளம் எடுப்பது 15 சதவீதம், பணம் செலுத்தும் கட்டணம் போக மீதி பாட்டு செய்தவருக்கு. 2020 மார்ச்சில், கொரோனாவால் மேடைகள் மூடிய நேரத்தில், குறிப்பிட்ட வெள்ளிக்கிழமைகளில் அந்தப் பங்கையும் வேண்டாம் என்றது. அந்தத் தளமும் பிறகு கைமாறி, 2023இல் ஊழியர்களில் ஏறக்குறைய பாதிப் பேரை இழந்தது. எந்தத் தளத்தையும் சொந்த வீடாக நினைத்துவிட முடியாது.

எண்ணும் இயந்திரமும் செய்யாத வேலையை மனிதர்கள் செய்திருக்கிறார்கள். பிபிசி ரேடியோ 1இல் 1967 முதல் 2004இல் இறக்கும் வரை பணியாற்றிய ஜான் பீல் அப்படி ஒருவர். பெயர் தெரியாத குழுக்கள் அனுப்பும் டேப்புகளை மூட்டை மூட்டையாகக் கேட்டார். இசைத்தட்டைத் தப்பான வேகத்தில் ஓடவிட்டு மாட்டிக்கொள்வது அவர் நிகழ்ச்சியில் சகஜம்; கேட்பவர்கள் அதையும் ரசித்தார்கள். 1978இல் வட அயர்லாந்தின் டெர்ரி நகரத்துப் பையன்கள் சிலர் 'தி அண்டர்டோன்ஸ்' என்ற பெயரில் வெளியிட்ட 'டீனேஜ் கிக்ஸ்' அவரிடம் வந்தது. அதை ஒலிபரப்பினார், முடிந்ததும் அடுத்த பாட்டுக்குப் போகாமல் அதையே மறுபடி போட்டார். வானொலியில் அப்படிச் செய்வது வழக்கமே இல்லை. அந்த இரண்டாம் தடவைதான் அவர் கொடுத்த விமர்சனம்.

தமிழில் இதற்கு இணை இல்லாமல் இல்லை. இலங்கை வானொலியின் தமிழ் அறிவிப்பாளர்கள் பாட்டைப் போடுமுன் எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் பெயர்களைத் துல்லியமாகச் சொன்னதை அந்தத் தலைமுறை இன்றும் பேசுகிறது. ஈழத்து மெல்லிசைப் பாடல்களுக்கும் அதே வானொலி இடம் கொடுத்தது. கடல் தாண்டி வந்த அந்தக் குரல்களை நம்பித்தான் தெரியாத பாட்டுக்கும் ராமநாதபுரத்தில் காது கொடுத்தார்கள். இன்று நம் தனியார் பண்பலைகளில் பேச்சுக்குப் பஞ்சமில்லை. பாடலாசிரியர் பெயருக்குத்தான் பஞ்சம்.

கண்டடைந்த பிறகும் பாதி வேலை பாக்கி இருக்கிறது. உளவியலாளர் ராபர்ட் சயான்ட்ஸ் 1968இல் காட்டியது இது: ஒன்றைத் திரும்பத் திரும்பப் பார்த்தாலே, கேட்டாலே, அதன்மேல் விருப்பம் கூடுகிறது. சினிமாப் பாட்டுக்கு இந்தத் திரும்பக் கேட்டல் இலவசமாகக் கிடைக்கிறது, டீக்கடை முதல் கல்யாண மண்டபம் வரை. சுயாதீனப் பாட்டுக்கு அதைக் கேட்பவரே மெனக்கெட்டுக் கொடுக்க வேண்டும். முதல் தடவையிலேயே பிடிக்கவில்லை என்று தள்ளினால், சினிமாப் பாட்டுக்குக் கொடுக்கிற பத்து வாய்ப்பில் ஒன்றை மட்டும் கொடுத்துத் தீர்ப்பு எழுதுகிறோம் என்று அர்த்தம்.

2017 ஜனவரியில் வந்த 'சென்னை புறம்போக்குப் பாடல்' நல்ல உதாரணம். எழுதியவர் கபேர் வாசுகி. தன் பாட்டுகளைத் தானே எழுதி, பாடி, இணையத்தில் விடுகிற சென்னைக்காரர். பாடியவர் டி.எம். கிருஷ்ணா. எண்ணூர்க் கழிமுகத்தை ஆலைகள் விழுங்குவதைப் பற்றிய பாட்டு, எண்ணூரிலேயே படமாக்கப்பட்டது. முதல் தடவை கேட்கும்போது காது தடுக்கும். கச்சேரிக் குரல், ஆனால் வார்த்தைகள் தெருவில் பேசுகிறவை. இது சபாவுக்கா, போராட்டப் பந்தலுக்கா என்று புரியாது. அடுத்த தடவை, ஆனந்தபைரவி, பேகடா என்று தொடங்கி சிந்துபைரவி வரை போகிற ராகமாலிகை என்பது பிடிபடும். அதன்பின் கேட்டால், ராகம் மாறுகிற இடங்களில் பேச்சின் குணமும் மாறுவது தெரியும்: ஒரு இடத்தில் நக்கல், ஒரு இடத்தில் கணக்குக் கேட்பது, ஒரு இடத்தில் வருத்தம். பேகடாவின் அந்தக் குழைவில் பேச்சுத் தமிழ் இத்தனை இயல்பாக உட்காரும் என்று கச்சேரி மேடைகள் நமக்குச் சொல்லித் தந்ததில்லை. இரண்டாம் தடவைக்குப் போகாதவருக்கு இது எதுவும் கிடைக்காது. வித்தியாசமாக ஏதோ முயற்சி செய்திருக்கிறார்கள் என்ற நினைப்போடு நின்றுவிடுவார்.

மேடையில் நேரில் கேட்பது இதைவிடக் குறுக்கு வழி. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்துப் பள்ளி மைதானம் ஒன்றில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழு முதன்முதலாக மேடையேறியபோது, வந்த கூட்டத்துக்கு ஒரு பாட்டும் முன்பின் தெரியாது. கானாவும் ராப்பும் பறையும் எலெக்ட்ரிக் கிட்டாரும் சேர்ந்து வந்த ஒலியை அங்கேயே உடம்பால் கற்றுக்கொண்டார்கள். 2020 டிசம்பரில் தொடங்கிய 'மார்கழியில் மக்களிசை' மேடைகளிலும் இதைப் பார்க்கலாம். யூடியூபில் நாலு நிமிடம் தாக்குப்பிடிக்காத பாட்டு, பாடுகிறவர் வேர்வையோடு எதிரே நிற்கும்போது வேறு விதமாக இறங்குகிறது.

ரசிப்பதில் இன்னொரு கடமையும் உண்டு, பெயரைத் தெரிந்துகொள்வது. 2021 மார்ச்சில் வந்த 'எஞ்சாயி எஞ்சாமி' தமிழில் படம் இல்லாத பாட்டு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு உச்ச சாட்சி. மலையகத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்துத் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளின் தலைமுறையை ராப் பாடகர் அறிவு அதில் எழுதினார். பாடகி தீயும் அறிவும் பாடினார்கள், சந்தோஷ் நாராயணன் இசை. கொண்டாட்டத் தாளத்துக்கு நடுவே ஒப்பாரியின் இழுவை வந்து உட்காருகிறது. ஆடிக்கொண்டிருந்தவர்கள் பலர் அதைக் கவனித்தார்களா என்பது எனக்கு இன்றும் சந்தேகம். அதே ஆண்டு 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' அட்டையில் எழுதியவரின் படம் இல்லாமல் போனது, இயக்குநர் பா. ரஞ்சித் உட்படப் பலர் அதைக் கேள்வி கேட்டார்கள். 2024 மார்ச்சில், இந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு ஒரு பைசாகூட வரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகச் சொன்னார். வெளியிட்ட மாஜா நிறுவனம் அந்தக் குற்றச்சாட்டை ஏற்கவில்லை. யார் சொல்வது சரி என்பது கணக்குப் புத்தகங்களுக்கு உரிய விஷயம். கோடிக்கணக்கான தடவை கேட்கப்பட்ட பாட்டிலேயே பெயரும் பணமும் தகராறு ஆனதென்றால், நாலாயிரம் பேர் கேட்ட பாட்டைச் செய்தவரின் கதி என்ன என்பதே நமக்கான கேள்வி.

ஆகவே வாசகர்களிடம் கேட்டுக்கொள்வது கொஞ்சம்தான். அடுத்து யாராவது ஒரு 'ஆல்பம் சாங்' அனுப்பினால் வியூஸ் எண்ணைப் பார்க்குமுன் பாட்டைப் போடுங்கள். முடிந்ததும் இன்னொரு தடவை போடுங்கள். கீழே விளக்கத்தை விரித்து எழுதியவர், இசைத்தவர் பெயரைப் படியுங்கள். விலைக்குக் கிடைத்தால் வாங்குங்கள், கச்சேரி நடந்தால் டிக்கெட் எடுங்கள். பிடித்திருந்தால் அந்தப் பெயர்களோடு சேர்த்து ஒருவருக்காவது அனுப்புங்கள். பிடிக்கவில்லை என்றால் தாராளமாக விட்டுவிடுங்கள். சுயாதீனமாகச் செய்தார் என்பதற்காக ஒரு பாட்டைப் பிடித்தாக வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.